விநாயகர் அகவல் எந்த ஔவையாருடையது?

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

நம் வட்டம் தொகுத்துவரும் ஔவையார் பாடல் தொகுதியில் விநாயகர் அகவலை எங்கே வைப்பது என்னும் வினா மூன்று கூட்டங்களாக முடிவின்றி நிற்கிறது. அதியமான் பாடல்களை அடுத்தே வைக்க வேண்டும் என்போர் பலர். அவர்தம் மனம் எனக்கு விளங்கும். 1965 வரை தருமபுரியும் சேலம் மாவட்டத்தின் பகுதியே. தகடூர் அதியமான் நம் மண்ணின் மன்னன். அவனிடம் நெல்லிக்கனி பெற்ற ஔவையாரும் நம்மவர். அகவலும் அவருடையதே என்று எண்ணுவதில் ஓர் இன்பம் உண்டு. என் பாட்டியார் விடியலில் அகவலை முழுதும் ஓதுவார். நெல்லிக்கனிக் கதையும் அவர் சொன்னதுதான். நாற்பது வயது வரை நானும் அவ்வாறே நம்பியிருந்தேன்.

சங்க ஔவையாரின் 59 பாடல்களையும் ஒருசேரப் படித்தபோது அந்நம்பிக்கை தளர்ந்தது. அவற்றில் காதல் உண்டு, போர் உண்டு, அதியமான் மறைந்தபின் எழுந்த ஆறாத் துயர் உண்டு. விநாயகர் இல்லை, சங்கப் பாடல்களில் எங்குமே இல்லை. அகவலோ 72 அடிகளுக்குள் மூலாதாரம், குண்டலி, இடை, பிங்கலை என யோகநெறியை விரிப்பது. “அகவற்பா பழம்பா அன்றோ?” என்றார் நண்பர் ஒருவர். வள்ளலார் 1872இல் 1596 அடிகளில் அருட்பெருஞ்ஜோதி அகவல் பாடினார். யாப்பைக் கொண்டு காலத்தை அளப்பது எளிதன்று.

சுந்தரரும் சேரமான் பெருமாளும் கயிலை சென்றபோது, பிள்ளையார் துதிக்கையால் ஔவையாரை அவர்கட்கு முன்னே கொண்டு சேர்த்தார் என்பது கதை. அழகிய கதைதான். ஆனால் கயிலைச் செலவை விரித்துரைக்கும் பெரியபுராணத்தில் ஔவையார் இடம்பெறவில்லை. பதினோராந் திருமுறையைப் பாருங்கள். அதில் சேரமான் பெருமாளின் நூல்கள் உள்ளன. பிள்ளையார்மீது கபிலதேவரும் அதிராவடிகளும் நம்பியாண்டார் நம்பியும் பாடிய மூன்று நூல்களும் உள்ளன. அகவல் இல்லை. சேரமான் காலத்திலேயே அது வழங்கியிருப்பின் அத்தொகுதியில் சேராது போனது ஏன்? இதற்கு விடை சொல்வாரை நான் இன்னும் காணவில்லை. ஔவை குறளிலும் யோகப் பொருளே பயில்வதால் இரண்டும் ஒருவருடையன என்பாருண்டு. கருத்தின் ஒப்புமை ஒரே மரபைக் காட்டலாம். ஒரே கையைக் காட்டப் போதாது.

“அகவலைப் பாட்டியிடமிருந்து பறிக்கிறீரா?” என்று பெரியவர் ஒருவர் சென்ற கூட்டத்தில் கண் கலங்கினார். அவருக்குச் சீக்கியர்தம் தசம கிரந்தத்தைக் காட்ட விரும்புகிறேன். அது பத்தாம் குருவாகிய குரு கோவிந்த சிங் பெயரால் வழங்குவது. அதன் பகுதிகள் யாவும் அவரே இயற்றினவா, அவர் அவைப் புலவர் பாடினவும் கலந்துள்ளனவா என்னும் வழக்கு இன்னும் ஓயவில்லை. எனினும் அதன் முதற்பகுதியாகிய ஜாப் சாகிபு நாள்தோறும் ஓதப்படுகிறது.

ஆகவே அகவலைத் தொகுதியினின்று நீக்க நான் சொல்லவில்லை. ஔவையார் என்ற பெயரையும் மாற்ற வேண்டா. அதியமான் பாடல்களை ஒட்டி வைக்காமல், ஔவை குறளுக்குப் பின்னே தனிப் பகுதியாக அச்சிடுவோம். காலம் பற்றிய வழக்கை முன்னுரையில் ஒரு பக்கம் எழுதுவோம். அப்பக்கத்தை எழுதும் பொறுப்பை, கண் கலங்கிய அப்பெரியவரோடு சேர்ந்து ஏற்க நான் இசைகிறேன். அவர் இசைவாரா என்பதை இனி அவரே சொல்ல வேண்டும்.