உளி பிடித்த கை இயந்திரமும் பிடிக்கும்

(தொழிற்பயிற்சிக்குப் புறப்படும் இளைஞர்களுக்காகத் தோட்டக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பால்மரத் தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீட்டுமனையாகவும் மாறிவிட்டன. வேலையும் லயத்து வீடும் சேர்ந்தே பறிபோன குடும்பங்களை நாம் அறிவோம். ஆகவே நம் பிள்ளைகளின் கையில் ஒரு தொழில் இருந்தாக வேண்டும். மில்லிங் இயந்திரத்தில் உலோகம் வெட்டுவது அத்தகைய தொழில். "இரும்பு வேலை நமக்கு வருமா?" என்று தயங்குவோருக்காகவே பேசுகிறேன்.

கடைசல் இயந்திரத்தில் வேலைத்துண்டு சுழலும். மில்லிங் இயந்திரத்திலோ பல பற்களுள்ள கட்டர் சுழலும். மேசையில் இறுக்கிய துண்டு அதை நோக்கி நகரும்.

மரம் சீவும் தாய்மார்களைக் கேளுங்கள். உளி ஆழப் பாய்ந்தால் மரம் காயப்படும். மேலாகச் சீவினால் பால் சுரக்காது. இங்கும் அதே நியாயந்தான். ஒரே வெட்டில் மிகுதியாக எடுக்க ஆசைப்பட்டால் கட்டரின் பல் முறியும். அஞ்சி அஞ்சி நகர்த்தினால் பல் வெட்டாமல் உரசும், சூடேறும், மழுங்கும்.

வேகத்துக்கும் கணக்குண்டு. வெட்டு வேகத்தை 1000-ஆல் பெருக்கி, கட்டர் விட்டத்தையும் 3.14-ஐயும் பெருக்கி வந்த தொகையால் வகுக்க வேண்டும். சாதாரண எஃகுக்கு நிமிடத்துக்கு 25 மீட்டர் என்று கொண்டால், 20 மில்லிமீட்டர் கட்டருக்கு ஏறத்தாழ 400 சுற்று. 10 மில்லிமீட்டர் கட்டருக்கு 800 சுற்று. கிராணிமார்களே, இந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்!

இளைஞர்களே, உயிருக்கும் உடலுக்கும் உரியதைக் கேளுங்கள். பழைய இயந்திரத்தில் மேசைத் திருகு தளர்ந்திருக்கும். கட்டர் சுழலும் திசையோடு துண்டை நகர்த்தினால் அது வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். எதிர்த் திசையிலேயே நகர்த்துங்கள். கையுறை அணிந்து சுழலும் கட்டரை நெருங்காதீர்கள். நூல் சிக்கினால் கையும் போகும். கண்ணாடி அணியுங்கள். சுழற்சி நின்ற பின்னரே அளவெடுங்கள். சீவலைத் தூரிகையால் தள்ளுங்கள். "சீக்கிரம், சீக்கிரம்" என்று எவர் விரட்டினாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். போன விரலை எந்த நஷ்டஈடும் திருப்பித் தராது.

இறுதியாக ஒன்று. 2006-ஆம் ஆண்டுத் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் வழங்கப்படும் மலேசியத் திறன் சான்றிதழைப் பெறாமல் திரும்பாதீர்கள். கையில் வித்தை இருந்தும் தாளில் இல்லாதவன் கூலி பேசும்போது தலைகுனிய நேரும்.

விடியுமுன் பிரட்டுக்கு நின்ற பெற்றோரின் பிள்ளைகள் நீங்கள். பொறுமையும் கைப்பக்குவமும் உங்கள் பிறப்புச் சொத்து. தொழிலைக் கற்று வாருங்கள், நிமிர்ந்து நில்லுங்கள்!