அல்லங்காடி

'அல்' என்பது இரவு. இரவில் கூடும் கடைத்தெருவை அல்லங்காடி என்றனர் நம் முன்னோர். பண்டை மதுரையின் அல்லங்காடி ஆரவாரத்தை மதுரைக்காஞ்சி விரித்துரைக்கிறது. சென்னையில் அக்காட்சியை நாடுவோர் அந்தி மயங்கியபின் தியாகராய நகருக்குச் செல்லுதல் வேண்டும்.

பாண்டி பஜார் என நாம் வழங்குவது சவுந்தரபாண்டியனார் பெயர் தாங்கிய அங்காடி. 2019 நவம்பரில் அங்கு அகன்ற நடைபாதை திறக்கப்பட்டது. ஒன்றும் வாங்காமலே உலவி வரலாம். மல்லிகை மணமும் விளக்கொளியும் விலையின்றிக் கிடைப்பன. ரங்கநாதன் தெருவிலோ நாம் நடப்பதில்லை. கூட்டமே நம்மை நடத்திச் செல்லும்!

இத்தனை இன்பத்துக்கும் நடுவே, நமக்காகப் புடவைகளை விரித்து விரித்து மடிக்கின்றாளே, அப்பெண்ணைக் கவனித்ததுண்டா? அவள் காலை முதல் நின்றுகொண்டிருப்பவள். சற்றே அமர்ந்தால் சோம்பல் என்று பெயர். பத்துப் பேரேனும் பணிபுரியும் கடைகள் இரவு முழுதும் திறந்திருக்கலாம் என்று தமிழக அரசு 2019-இல் ஆணையிட்டது. கடைப் பணியாளர்க்கு இருக்கை அளித்தல் வேண்டும் என்ற சட்டமோ 2021-இல்தான் பிறந்தது. கடை விழித்திருக்க முதலில் அனுமதி. கால் ஓய்ந்திருக்க ஈராண்டு கழித்து! அண்டைக் கேரளம் 2018-இலேயே இதற்கு வழி செய்திருந்தது.

அடுத்த முறை அங்குச் செல்லும்போது, புடவையின் விலையை வினவுமுன், முக்காலி எங்கேயெனப் பாருங்கள். அதன்மேல் துணிக்கட்டு அமர்ந்திருத்தலும் கூடும்.