வில்வண்டியும் ஒட்டியாணமும்

(ஐக்கிய நாணய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



குடியானவன் கடனைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் பஞ்சத்தில் தொடங்குவார்கள். மழை பொய்த்தது, மாடு இறந்தது, ஆகையால் கடன் வாங்கினான் என்பார்கள். அதில் பிழையொன்றுமில்லை. ஆனால் நான் இன்று எடுத்துக்கொண்ட விஷயம் அதற்கு நேர்மாறானது. பணம் இல்லாமையால் வந்த கடனை விட்டு, பணம் வந்ததனால் வந்த கடனைப் பற்றிச் சிறிது பேச உத்தேசித்திருக்கிறேன்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்ததன்று. பஞ்சாப் மாகாணத்தில் ஐக்கிய சங்க இலாகாவில் உத்தியோகம் பார்த்த மால்கம் டார்லிங் என்பவர், பஞ்சாபிக் குடியானவனின் செழிப்பையும் கடனையும் பற்றி 1925-ஆம் வருஷத்தில் ஒரு நூல் வெளியிட்டார். வாய்க்கால் பாசனம் வந்து நிலத்தின் விலை ஏறிய இடங்களிலும் கடன் குறையாமல் வளர்ந்ததை அவர் எடுத்துக்காட்டினார். காரணம் எளிது. கடன் வாங்குவதற்கு வேண்டியது கஷ்டம் மட்டுமன்று. கடன் கொடுப்பதற்கு ஒருவர் முன்வரவும் வேண்டும். பத்து ரூபாய் பெறாத நிலத்தின்மேல் எவன் நூறு ரூபாய் கொடுப்பான்? நிலம் முந்நூறு ரூபாய் பெறும் என்றால் பணத்தை வீட்டுத் திண்ணைக்கே கொண்டுவந்து வைப்பார்கள்.

இனி நம் பக்கத்துச் சங்கதிக்கு வருவோம். தென்னாற்காடு ஜில்லாவில் விழுப்புரம், பண்ணுருட்டி, திண்டிவனம் பக்கங்களில் கம்பும் கேழ்வரகும் விளைந்த செம்மண் புன்செய்களில் மணிலாக்கொட்டைப் பயிர் பரவியது. மல்லாட்டை என்று அவ்விடத்தார் வழங்குவது இதைத்தான். அந்தப் பருப்பு புதுச்சேரி, கடலூர்த் துறைகளில் கப்பலேறி, பிரான்சு தேசத்து மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குச் சென்றது. அங்கே அதை எண்ணெயாக்கினார்கள், சோப்பாக்கினார்கள். 1920-க்குப் பிந்திய வருஷங்களில் நல்ல விலை கிடைத்தது. வரகுக்கூழ் குடித்த வீடுகளில் நெல்லுச் சோறு பொங்கியது.

அப்படிப்பட்ட ஒரு வீட்டைச் சொல்கிறேன். இந்தத் தம்பதிகளுக்கு நான் பெயர் வைக்கப்போவதில்லை. அக்காலத்தில் பல வீடுகளில் நடந்தவற்றைச் சேர்த்து நானே ஒரு வீடாகக் கட்டிச் சொல்கிறேன். தொகைகளும் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊரில் இன்னார் என்று யாரும் திரும்பிப் பார்க்கவேண்டாம்.

புன்செய் 8 ஏக்கர். அதில் 6 ஏக்கரில் மணிலா. நல்ல வருஷத்தில் 70 மூட்டை காணும். மூட்டை 6 ரூபாய் வீதம் 420 ரூபாய். அந்த வீட்டில் அதற்கு முன் அவ்வளவு ரூபாயை ஒருசேர எண்ணியதில்லை. முதல் இரண்டு வருஷமும் தம்பதிகள் மிகவும் புத்தியாகவே நடந்துகொண்டார்கள். பழைய கைக்கடனைத் தீர்த்தார்கள், கூரையை மாற்றினார்கள், ஒரு ஜோடி உழவுமாடு வாங்கினார்கள். ஆசை வந்தது மூன்றாவது வருஷத்தில்.

அந்த அம்மாளுக்கு ஒட்டியாணத்தின்மேல் ஆசை. இதைக் கேட்டுச் சிரிக்கவேண்டாம். உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போனாள். பந்தலில் முன்வரிசை ஜமக்காளத்தில் உட்காரப் போனவளை, யாரோ ஒரு பெரிய வீட்டம்மாள் வருகிறாள் என்று சொல்லி, மெதுவாகக் கையைப் பிடித்துப் பின்வரிசைக்கு நகர்த்தினார்கள். ஒருவரும் கடுஞ்சொல் சொல்லவில்லை. வீடு திரும்பியபின் அவள் கணவனிடம், “நம்மிடம் இல்லாததா? இருந்தும் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?” என்று மட்டும் சொன்னாள். அவன் பதில் சொல்லவில்லை. ஏனெனில் அவன் மனத்திலும் அதே புண் இருந்தது. சந்தைக்குக் கட்டைவண்டியில் மூட்டை ஏற்றிப் போகும்போதெல்லாம், பின்னால் சலங்கை ஒலி கேட்டதும் அவன் பாதையைவிட்டு ஒதுங்கவேண்டும். வில்வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு கடந்து போகும். அதிலிருப்பவருக்கு அவனைவிட நிலம் அதிகமில்லை என்பதும் அவனுக்குத் தெரியும்.

மானமாக வாழவேண்டும் என்ற எண்ணம் குற்றமென்று நான் சொல்லத் துணியமாட்டேன். நம்முடைய பிரசாரகர்களில் சிலர் ஏழை நகை போட்டால் கோபிக்கிறார்கள். தாங்கள் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டுதான் கோபிக்கிறார்கள்.

1929-ஆம் வருஷம் தை மாதம், கையிலிருந்த பணம் விதைக்கும் கூலிக்கும் கிஸ்திக்கும் இருக்கட்டும் என்று வைத்துவிட்டு, 600 ரூபாய் கடன் வாங்கினார்கள். மண்டிக்காரர் 4 ஏக்கரை ஈடாகப் பெற்று நூற்றுக்கு 12 வட்டியில் 300 கொடுத்தார். மற்ற 300 ரூபாய் நூற்றுக்கு 9 வட்டியில் ஊர் ஐக்கிய நாணய சங்கத்திலிருந்து வந்தது. மனுவில் காரணம் என்ற இடத்தில் ‘உழவுமாடு வாங்க’ என்று எழுதப்பட்டது. பஞ்சாயத்தார் அறியாதவர்களல்லர். எழுதியவருக்கும் தெரியும், கையெழுத்திட்டவருக்கும் தெரியும், ஜாமீன் நின்ற இரு பங்காளிகளுக்கும் தெரியும். மாடு என்பதில் பொய்யில்லையே என்று ஒருவர் சிரித்ததாகவும் வைத்துக்கொள்ளலாம்.

வில்வண்டியும் ஓட்டக்காளை ஜோடியும் 300 ரூபாய். அப்பொழுது பவுன் சுமார் 13 ரூபாய் 5 அணா. 20 பவுனில் ஒட்டியாணம், கூலி சேதாரம் சேர்ந்து ஏறக்குறைய அதே 300. அடுத்த கல்யாணத்தில் அந்த அம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

அதே வருஷக் கடைசியில் உலகச் சந்தைகளில் மந்தம் தொடங்கியது. அடுத்த சில வருஷங்களில் மணிலாவின் விலை பாதிக்கும் கீழே சென்றது. மூட்டை இரண்டரை ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இப்பொழுது கணக்கைப் பாருங்கள். கடன் வாங்கிய நாளில் 600 ரூபாய் என்பது 100 மூட்டை. விலை இறங்கியபின் அதே 600 ரூபாய் 240 மூட்டை. புரோநோட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை. வருஷ வட்டி 63 ரூபாய். முன்பு பத்தரை மூட்டையில் அடைபட்டது, பின்பு 25 மூட்டைக்கு மேல் கேட்டது. கிஸ்தியும் ரூபாயில்தான். 70 மூட்டைக்கு வந்தது 175 ரூபாய். அதில் கூலி, விதை, கிஸ்தி, வட்டி போக வீட்டுக்கு என்ன மிஞ்சும்?

1930-இல் சென்னை ராஜதானியின் பாங்கிங் விசாரணைக் கமிட்டியார் ராஜதானியின் கிராமக்கடனை 150 கோடி ரூபாய் என்று மதித்தார்கள். 1935-இல் அதே விஷயத்தை விசாரித்த ஸத்யநாதன் 200 கோடி என்றார். அந்தக் கோடிகள் இப்படிப்பட்ட அறுநூறுகளால் ஆனவை.

இவ்விடத்தில்தான் நான் முக்கியமாகச் சொல்லவந்த சங்கதி இருக்கிறது. கடன் மிஞ்சியபோது, எதை முதலில் விற்பது என்ற கேள்வி எழுந்தது. வண்டியை விற்றால் ஊர் பார்க்கும். தெருவில் சலங்கை ஒலி நின்றால், ‘அவன் வீடு சாய்ந்தது’ என்று அன்றே பேசுவார்கள். ஒட்டியாணமோ பெட்டியில் இருப்பது. இரவில் எடுத்துக்கொண்டு பட்டணத்துக்குப் போனால் அண்டை வீட்டுக்கும் தெரியாது. ஆகையால் 1931 பங்குனியில் ஒட்டியாணம் போயிற்று. அதை அவள் அணிந்தது இரண்டே தடவை. தட்டான் செம்பை அதிகம் கலந்திருந்ததால், உரைகல்லில் தேய்த்துப் பார்த்து 17 பவுனுக்குத்தான் விலை கட்டினார்கள். சுமார் 226 ரூபாய் கிடைத்தது. அது நெருக்கிக்கொண்டிருந்த மண்டிக்காரருக்குச் சென்றது. நெருக்காத சங்கத்துக்கு ஒன்றும் வரவில்லை.

அவ்வருஷம் செப்டம்பரில் இங்கிலாந்து தங்க நாணயத் திட்டத்தைக் கைவிட்டது. நம் ரூபாய் அந்நாட்டு நாணயத்தோடு கட்டப்பட்டிருந்ததால் இங்கே தங்கத்தின் விலை ஏறியது. ஊர் ஊராகக் குடியானவர்கள் விற்ற நகைகள் பம்பாயில் சேர்ந்து கப்பலேறின. 1934-35 வாக்கில் பவுன் 20 ரூபாயைத் தாண்டிவிட்டது. அந்த 17 பவுன் 340 ரூபாய் பெற்றிருக்கும். 1931 செப்டம்பரை யாரும் முன்னறிந்திருக்க முடியாது. அதற்காக அவர்களைக் குறை கூறுவது நியாயமன்று. ஆனால் காளைகள் கொள்ளும் பருத்திக்கொட்டையும் தின்னும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. வில்வண்டிக் காளை ஏர் உழாது. விற்றால் மானம் போகும் என்று அவற்றை மேலும் ஒரு வருஷம் கட்டித் தீனி போட்டார்கள். பிறகு 1932-இல் விற்கப் போனால் வாங்குவார் எவர்? வில்வண்டி வாங்கக்கூடியவன் மணிலா பயிரிட்டவன். அவனும் தன் வண்டியை விற்க ஆள் தேடிக்கொண்டிருந்தான். வண்டியும் காளைகளும் சேர்ந்து 100 ரூபாய்க்குப் போயின. தங்கத்துக்கோ மணிலா விலையோடு சம்பந்தமில்லை. அதை வாங்குகிறவன் கடலுக்கு அப்பால் இருந்தான்.

பெண்களின் நகைப் பித்தே குடியைக் கெடுக்கிறது என்று கூட்டந்தோறும் பேசுகிறோம். இந்த வீட்டில் குடியைக் கெடுத்தது எது என்று சகோதரிகளே சொல்லட்டும். தங்கத்துக்கு வட்டி வராது, திருட்டுப் பயம் உண்டு, தட்டானிடம் நஷ்டம் உண்டு, இவையெல்லாம் மெய்தான். இருந்தும் வாங்கிய இரண்டு பொருள்களில் ஆபத்துக்கு உதவியது அதுவே.

மண்டிக்காரருக்கு நின்ற பாக்கிக்காக ஈட்டு நிலத்தில் 2 ஏக்கர் கிரயமாயிற்று. 1938-இல் குடியானவர் கடன் நிவாரணச் சட்டம் வந்து பலருடைய வட்டிப் பாக்கி தள்ளுபடியாயிற்று. ஆனால் சில வருஷங்களுக்கு முன்பே கைமாறிப்போன நிலத்தை அது மீட்டுத் தரவில்லை.

சங்கத்துப் பாக்கி என்னவாயிற்று என்று நீங்கள் கேட்கவேண்டும். அக்காலத்துக் கிராம ஐக்கிய நாணய சங்கங்கள் வரையறையில்லாப் பொறுப்பில் அமைந்தவை. ஒருவன் கொடாததற்கு மற்ற அங்கத்தினர் எல்லோரும் கடமைப்பட்டவர்கள். அவ்வருஷங்களில் பல சங்கங்கள் கலைக்கப்பட்டு, தவறாமல் கட்டியவர்களிடமும் பணம் வசூலிக்க நேர்ந்தது. நம் கதையில் அவ்வளவு தூரம் போகவில்லை. வண்டி விற்ற 100 ரூபாய் வந்தபின் மிஞ்சியதை ஜாமீன்தாரர் இருவரிடம் கேட்டார்கள். ஒருவர் வசதியுள்ளவர், முணுமுணுத்துக்கொண்டு கட்டினார். மற்றவருக்கு மூன்று ஏக்கர். அவர் ஆடி மாதத்தில், விதைப்புக்கு முன், தம் உழவுமாட்டில் ஒன்றை விற்றுக் கட்டினார். அவ்வருஷம் பக்கத்து வீட்டு ஒற்றை மாட்டை இரவலாகப் பூட்டி உழுதார்.

கடன் மனுவில் ‘உழவுமாடு’ என்று எழுதியிருந்ததே, அந்த ஒரு வார்த்தை கடைசியில் அவர் வீட்டில்தான் மெய்யாயிற்று. அடுத்த மகாசபையில் கடன் மனுக்கள் படிக்கப்படும்போது, காரணம் என்ற இடத்தை ஒருமுறை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள் என்று பஞ்சாயத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன்.