பிறன் என்ற சொல்

அன்பு என்று சொன்னாலே, நண்பரே, பன்னீர் தெளித்தாற்போல ஒரு குளிர்ச்சி! மேடையிலே பேசினால் கையொலி கிடைக்கும். ஏட்டிலே எழுதினால் பாராட்டுக் கிடைக்கும். எவருக்கும் நட்டமில்லை, நோவுமில்லை. ஆனால் கிறித்தவ மார்க்கம் அன்பை உணர்ச்சி என்று கூறி நிறுத்திவிடவில்லை. கடமை என்கிறது, கட்டளை என்கிறது. உணர்ச்சி வரும், போகும். கட்டளையோ நள்ளிரவிலும் வந்து கதவைத் தட்டும். அந்தத் தட்டல் கேட்டுக் கதவைத் திறந்த ஓர் ஊரைப் பற்றித்தான் நான் மேடையிலே பேசினேன். பேசியதை இங்கே உமக்குத் தருகிறேன்.

தன்னை நேசிப்பது போலவே பிறனையும் நேசிக்க வேண்டும் என்பது கட்டளை. நியாயசாஸ்திரி ஒருவன் எழுந்தான். சட்டம் பயின்றவனல்லவா! எல்லைக் கல் எங்கே நடப்பட்டிருக்கிறது என்று கேட்டான். எவனெவனைப் பிறன் என்று கணக்கிலே சேர்ப்பது, எவனைத் தள்ளுவது என்பது அவன் ஐயம். ஏசு இலக்கணம் கூறவில்லை, கதை கூறினார். எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் பாதையிலே கள்வர் கையில் அடிபட்டுக் குற்றுயிராய்க் கிடக்கிறான் ஒருவன். ஆசாரியன் வந்தான், விலகிப் போனான். லேவியன் வந்தான், அவனும் விலகிப் போனான். மூன்றாவதாக வந்தவன் சமாரியன். யூதர்கள் உறவாட மறுத்த இனத்தவன். அவனே காயம் கட்டினான், சத்திரத்திலே சேர்த்தான், செலவுக்குக் காசும் கொடுத்தான்.

பழைய தமிழ் விவிலியம் இங்கே எடுத்தாண்ட சொல்லின் அழகைப் பாரும். அண்டை வீட்டான் என்று சொல்லவில்லை, சுற்றத்தான் என்றும் சொல்லவில்லை, பிறன் என்றது. நான் அல்லாத எவனும் பிறன்! எல்லைக் கல் தேடி வந்தவனுக்கு எல்லையே இல்லை என்பது விடை.

இதே சொல்லைத்தான் ஹிட்லரின் ஆட்சியும் பயன்படுத்தியது, நேர்மாறான பொருளிலே. 'யூதன் நம்மவனல்லன், அவன் பிறன். ஆகவே அகற்று!' என்றது. 1940 ஜூனிலே பிரெஞ்சு நாடு வீழ்ந்தது. விஷி நகரிலே பெத்தேன் தலைமையில் அமைந்த அரசு, அதே ஆண்டு அக்டோபரில், யூதரை ஒதுக்கும் சட்டத்தைத் தானே இயற்றிக் கொண்டது. 1942 ஜூலை 16, 17 ஆகிய இரு நாட்களில் பாரிசிலும் அதன் புறநகரிலும் ஏறத்தாழ 13,000 யூதர் வளைத்துப் பிடிக்கப்பட்டனர். அவர்களிலே 4,000க்கு மேற்பட்டோர் குழந்தைகள்! பிடித்தவர்கள் யார்? ஜெர்மானியச் சிப்பாய்களல்லர், பிரெஞ்சுக் காவலர்கள். அவர்களில் எத்தனை பேர் சிறுவயதிலே சமாரியன் கதை கேட்டு வளர்ந்தவர்கள்! கதையைக் கேட்பது எளிது. பாதையிலே கிடப்பவனைக் காணும்போதுதான் ஆசாரியனா, சமாரியனா என்பது தெரியவரும்.

அந்த நாட்டின் தென்பகுதியில், ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்திலுள்ள மேட்டுநிலத்திலே ஒரு சிற்றூர். லே ஷாம்போன் என்று பெயர். உழவர் வாழும் ஊர், பனி கொட்டும் ஊர். மக்களில் மிகப் பெரும்பாலோர் புராட்டஸ்டண்டுகள். அந்நாட்டிலே அவர்கள் சிறுபான்மையினர். அடிபட்ட வரலாறு உடையவர்கள். வழிபாட்டுரிமை தந்த அரசாணையை 1685இல் மன்னன் பதினான்காம் லூயி கிழித்தெறிந்தான். அந்த வட்டாரத்துப் பெண் மரி துரான், நம்பிக்கையைக் கைவிட மறுத்ததற்காக 1730 முதல் 1768 வரை, 38 ஆண்டுகள், கோபுரச் சிறையிலே கிடந்தாள். எதிர்த்து நில் என்று பொருள்படும் ஒரு சொல் அக்கோபுரத்துக் கல்லிலே இன்றும் காணப்படுகிறது. வேட்டையாடப்பட்டவரின் வழிவந்தோர் அல்லவா? வேட்டையாடப்படுவோரின் காலடி ஓசை அவர்கள் காதுக்கு எளிதிலே எட்டிற்று.

அவ்வூர்ப் போதகர் ஆந்த்ரே த்ரோக்மே. அவருடைய துணைவி மக்தா. குளிர்கால இரவொன்றில் கதவு தட்டப்பட்டது. திறந்தார் மக்தா. பனியிலே நனைந்து நடுங்கியபடி நின்றாள், ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதப் பெண் ஒருத்தி. உள்ளே வரலாமா என்று கேட்டாள். வா என்றார் மக்தா. குலம் கேட்கவில்லை, கோத்திரம் கேட்கவில்லை. அந்த ஒரு கதவுக்குப் பின் எத்தனை கதவுகள்! உழவர் குடிசைகள், மாணவர் விடுதிகள், பள்ளிக்கூடம். போர் முடியுமுன் அந்த மேட்டுநிலத்திலே ஏறத்தாழ 5,000 பேர் புகலிடம் பெற்றனர் என்றும், அவர்களில் 3,000க்கு மேற்பட்டோர் யூதர் என்றும் மதிப்பிடுகின்றனர்.

1942 ஆகஸ்டிலே காவல்துறை வந்தது, பேருந்துகளோடு! ஒளிந்திருக்கும் யூதர்களின் பட்டியல் எங்கே என்று போதகரைக் கேட்டது. தர மறுத்தார் த்ரோக்மே. தாம் அறிந்தது மனிதரை மட்டுமே என்பது அவர் விடை. காட்டுக்கும் தோட்டத்துக்கும் முன்கூட்டியே செய்தி பறந்திருந்தது. வெற்றுப் பேருந்துகளே திரும்பின என்னும் அளவுக்கு அந்த வேட்டை தோற்றது.

விலை இல்லாமலா? 1943 பிப்ரவரியில் அவரும், உடன் போதகர் எதுவார் தெய்யும் சிறைபிடிக்கப்பட்டு முகாமில் அடைக்கப்பட்டனர். பெத்தேனுக்குக் கீழ்ப்படிவதாகக் கையெழுத்திட்டால் விடுதலை என்றபோதும் இருவரும் மறுத்தனர். அவ்வாண்டு ஜூன் 29ஆம் நாள் கெஸ்டாபோ ஒரு மாணவர் விடுதியை வளைத்து, 18 மாணவரைப் பிடித்தது. விடுதிப் பொறுப்பாளர், போதகரின் உறவினர் டேனியல் த்ரோக்மே. அவர் தப்பியோட முயலவில்லை. மாணவரோடு சேர்ந்து தாமும் சென்றார். 1944 ஏப்ரலில் மஜ்தானெக் முகாமிலே மாண்டார்.

இன்னொன்றையும் கேளும். போதகர் த்ரோக்மேயின் தாய் ஜெர்மானியப் பெண். ஜெர்மானியரை வெறுக்க வேண்டும் என்று அவர் எந்நாளும் போதித்ததில்லை. துப்பாக்கி ஏந்தவும் அவர் கூறவில்லை. பகைவனையும் நேசி என்ற கட்டளையை அவர் விலக்கி வைக்கவில்லை. பகைவனை நேசித்தார், ஆனால் பகைவன் கேட்ட பட்டியலைக் கொடுக்கவில்லை! பணிந்து போவதை அன்பு என்று எண்ணுவோர் இந்த இடத்திலே சற்று நின்று சிந்திக்கட்டும். வெறுப்பின்றி மறுக்க முடியும். மறுக்காமல் சில வேளைகளிலே அன்பு செலுத்தவே முடியாது.

1990இல் இசுரேலின் யாத் வஷேம் நிறுவனம் அவ்வூர் முழுவதையும், அதன் சுற்றுப்புறத்தையும் சிறப்பித்தது. ஊராரோ புகழுரை கேட்டு வியந்தனர். செய்ய வேண்டியதைத்தானே செய்தோம் என்பதே அவர்கள் பேச்சு. கடமை என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான உரை வேண்டுமா? வீரம் என்றால், வீரர் வரட்டும் என்று நாம் காத்திருக்கலாம். கடமை என்றால் காத்திருக்க இடமில்லை.

அந்தக் கட்டளையை நம்புவோர்க்கும், நம்பாமலே மதிப்போர்க்கும் சேர்த்துச் சொல்கிறேன். 'அவன் நம்மவனல்லன்' என்று எவரேனும் உம்மிடம் ஒரு மனிதனைச் சுட்டிக் காட்டும்போது, அதை வெறுப்பதற்கான காரணமாகக் கொள்ளாதீர். நம்மவனை நேசிக்கக் கட்டளை எதற்கு? கட்டளை பிறந்ததே பிறனுக்காக. அவனைத்தான் அவர்கள் சுட்டுகிறார்கள். அவனுக்குத்தான், நண்பரே, உமது கதவு திறக்க வேண்டும்.