கேட்டுவிட்டு எழுங்கள்

 

நமது அறக்கட்டளையின் உதவியோடு ஆஞ்சியோ செய்துகொண்டவர்களை நலம் விசாரிக்கப் போகும்போதெல்லாம் ஒரு முறையீட்டைக் கேட்கிறோம். "நெஞ்சு பரவாயில்லை, முதுகுதான் தாங்க முடியவில்லை" என்பார்கள். ஒரு பெரியவர் அந்த வலியை யாரிடமும் சொல்லவில்லை. அஸர் தவறிவிடுமோ என்று தாமாகவே எழுந்து உட்கார்ந்துவிட்டார். கட்டு நனைந்து இரத்தம் வழிந்தது. நர்ஸ் ஓடிவந்து அழுத்திப் பிடித்தார், அல்லாஹ் காப்பாற்றினான்.

தொடை இடுக்கு வழியாக ஆஞ்சியோ செய்தால், இரத்தக் குழாயில் போட்ட துளை அடைபட நேரம் வேண்டும். அதற்காகத்தான் காலை மடக்காமல் மல்லாந்து படுக்கச் சொல்கிறார்கள். பெரும்பாலும் 2 முதல் 6 மணி நேரம். அசையாமல் கிடப்பதால் முதுகு இறுகி வலிக்கிறது. கை மணிக்கட்டு வழியாகச் செய்தவர்கள் சீக்கிரமே எழுந்து உட்காரலாம்.

முன்பெல்லாம் வெகுநேரம் படுக்கவைத்தார்கள். தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்துவதும், பக்கவாட்டில் திருப்பிவிடுவதும், சில மணி நேரத்தில் நடக்கவைப்பதும் பெரும்பாலோருக்கு இரத்தக் கசிவைக் கூட்டுவதில்லை, முதுகு வலியைக் குறைக்கிறது என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் கொடுத்த மருந்தும் போட்ட குழாயும் ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே நாமாக முடிவெடுக்கக் கூடாது. வலியைப் பொறுத்துக்கொண்டும் கிடக்க வேண்டாம். "தலைப்பக்கத்தை உயர்த்தலாமா? திரும்பிப் படுக்கலாமா? எப்போது எழலாம்?" என்று நர்ஸிடம் கேளுங்கள். கேட்பது அவர்களுக்குத் தொல்லை அல்ல.

இருமல், தும்மல் வந்தால் கட்டின் மேல் கையால் அழுத்திக்கொள்ளுங்கள். கட்டு நனைந்தாலோ, அந்த இடம் வீங்கினாலோ, கால் மரத்துக் குளிர்ந்தாலோ உடனே கூப்பிடுங்கள். முதுகு வலியோடு தலைசுற்றல், வியர்வை, மயக்கம் வந்தால் அதைப் படுத்த வலி என்று விட்டுவிடாதீர்கள். உள்ளே இரத்தம் கசியலாம். நெஞ்சு வலி வந்தாலும் அப்படியே.

தொழுகையைப் பற்றி ஒரு வார்த்தை. நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், உட்கார முடியாதவர் படுத்தும் சைகையால் தொழ மார்க்கம் அனுமதித்திருக்கிறது. தண்ணீர் பயன்படுத்த இயலாதவருக்குத் தயம்மும் இருக்கிறது. அல்லாஹ் தந்த சலுகையை ஏற்பதில் குறைவு ஒன்றுமில்லை. வீடு திரும்பிய பிறகும் டாக்டர் சொல்லும் நாள்வரை நாற்காலியில் தொழுங்கள். குந்தி உட்காரும் கழிப்பறையையும் தண்ணீர்க்குடம் தூக்குவதையும் தவிருங்கள். அதற்காக நாள் முழுக்கப் படுக்கையிலும் கிடக்க வேண்டாம். வீட்டுக்குள் மெதுவாக நடமாடுங்கள்.

பிள்ளைகளே, உங்கள் அத்தாவும் அம்மாவும் வாய்விட்டுக் கேட்கத் தயங்குவார்கள். கட்டில் அருகில் இருந்து அவர்களுக்காக நீங்கள் கேளுங்கள். நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக, ஆமீன்.