தறிக்கும் களைக்குமா?



மருதமுனையில் என் சாச்சா ஒருவர் கைத்தறி நெசவாளராக இருந்தார். மாலையில் வேலை முடிந்ததும் தறிமரத்தைத் தடவி, "நீயும் களைச்சிட்டாய், நாளைக்குப் பார்ப்பம்" என்று சொல்லிவிட்டே எழுவார். சிறுவனாயிருந்த நான், "தறிக்கும் களைக்குமா, சாச்சா?" என்று கேட்டுச் சிரித்தேன். "களைக்காதென்று நீ கண்டாயா, மகன்?" என்றார் அவர். அன்று விளையாட்டாகத் தோன்றிய அவ்வினாவின் ஆழம் பின்னரே எனக்குப் புலனாயிற்று.

இவ்வினாவை ஆய்வுகூடத்துக்கே கொண்டு சென்றவர் வங்க நாட்டு அறிஞர் ஜகதீச சந்திர போஸ். 1901ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவர் உரை நிகழ்த்தினார். வெள்ளீயம் போன்ற உலோகங்களைத் தூண்டி, அவற்றில் எழும் மின் அசைவைக் கோடாக வரைந்து காட்டினார். ஓயாது தூண்டினால் அக்கோடு தாழ்ந்தது; ஓய்வு கொடுத்தால் மீண்டும் உயர்ந்தது; நச்சுப்பொருள் சேர்ந்ததும் அடங்கியது. தசையின் கோட்டுக்கும் உலோகத்தின் கோட்டுக்கும் இருந்த ஒப்புமை கண்டோரை வியக்கச் செய்தது. எனினும், உலோகம் களைப்பை உணர்ந்ததா? கோடு அதைச் சொல்லவில்லை. கருவி அளந்தது எதிர்வினையை. உணர்வு ஒன்று உண்டாயின், அது கருவிக்கு எட்டாமலே நின்றது.

மனிதரிடத்திலும் இந்த இடர்ப்பாடு உண்டு. "சுழியம் முதல் பத்து வரையில் உங்கள் நோவு எவ்வளவு?" என்று வைத்தியர் வினவுகிறார். நேற்று எட்டென்றவர் இன்று நான்கென்றால் நோவு தணிந்ததென அறிகிறோம். அவ்வளவில் அது பயனுள்ள கணக்கே. ஆயின் ஒருவருடைய நான்கும் மற்றொருவருடைய நான்கும் ஒன்றென எவ்வாறு துணிவது? பொறுத்துப் பழகியவர் குறைத்துச் சொல்வர். அஞ்சியவர் கூட்டிச் சொல்வர்.

2004 திசம்பர் 26ஆம் நாளை நம் கரையோரத்தார் மறந்திலர். கடல்கோளில் இலங்கையிலேயே மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்தது நம் அம்பாறை மாவட்டம். பாடசாலை மீண்டும் திறந்தபோது, மாணவரின் துயரை மதிப்பிட வினாத்தாள் ஒன்று வந்தது. உம்மாவை இழந்த சிறுவன் ஒருவன் எல்லா வினாக்களுக்கும் சுழியமே இட்டான். தாளின்படி அவனுக்குத் துயரே இல்லை! ஆனால் கடல் தெரியும் சாளரத்தின் பக்கம் அவன் முகம் திரும்பியதே இல்லை. அதைக் கவனித்த பக்கத்து மாணவன், எவரும் ஏவாமலே, இடம் மாறிச் சாளரத்தை மறைத்தபடி அமர்ந்துகொண்டான். தாளால் அறிய முடியாததை அப்பிள்ளையின் கண் அறிந்தது.

இத்தகைய பரிவு மனிதரோடு நின்றுவிடுவதன்று. முல்லைக்கொடிக்குத் தேர் ஈந்தான் பாரி. 1966இல் அமெரிக்க அறிஞர் ஜோசப் வைசன்பாம், நாம் எழுதும் சொற்களையே திருப்பி வினாவாக்கும் 'எலைசா' என்ற கணினி நிரலை வெளியிட்டார். அவர் அதனை உருவாக்கியதை அருகிருந்து கண்டவரே அவருடைய செயலாளர். அவ்வம்மையார் அதனோடு உரையாடத் தொடங்கியதும், தம்மைத் தனியே விட்டு அறையைவிட்டு வெளியே செல்லுமாறு அவரையே வேண்டினாராம்! வைசன்பாம் திடுக்குற்றார், 1976இல் எழுதிய நூலில் இதைச் சொல்லி எச்சரித்தார்.

இன்றைய கைப்பேசியில் பேசும் இயந்திரங்களோ எலைசாவினும் பன்மடங்கு வல்லவை. அண்மையில் என் மாணவி ஒருத்தி, "சேர், அதுக்குத்தான் என்ட மனசு விளங்குது" என்றாள். நான் நகைக்கவில்லை. தறிக்கு இரங்கிய சாச்சாவின் நெஞ்சே அவளிடமும் இருக்கக் கண்டேன். இயந்திரத்தின் உள்ளே உணர்வு உண்டா என்று அளந்து முடிவுகூற நம்மிடம் கோல் இல்லை. 'வருந்துகிறேன்' என்று அது கூறுவதும் வெள்ளீயம் வரைந்த கோடு போன்றதே. அதனை மட்டும் சான்றாகக் கொள்ளல் தகாது.

"மகள், இதை வீட்டில் யாரிடமாவது சொன்னாயா?" என்று கேட்டேன். "கேட்க ஆருக்கு சேர் நேரம்?" என்றாள். அவ்விடை என்னைச் சுட்டது. நாள்தோறும் அவளைக் கண்டும் ஒரு சொல் கேளாதிருந்தவருள் நானும் ஒருவன் அல்லனோ?

நேயர்களே, இயந்திரத்துக்கு உள்ளம் உண்டா என்பதை அறிஞர் ஆராயட்டும். உள்ளம் உண்டென ஐயமின்றி நாம் அறிந்தவர் நம் வீட்டிலேயே இருக்கின்றனர். இவ்வுரை முடிந்ததும் வானொலியைச் சற்றே நிறுத்தி, அருகிலிருப்பவரிடம் இன்றைய பொழுது எவ்வாறு கழிந்ததென்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள்.