கந்துவட்டியும் கட்டுண்ட உழைப்பும்



கதிரவன் எழுமுன் திருச்சிராப்பள்ளிக் காந்தி சந்தையில் காய்கறி எடுக்கும் தள்ளுவண்டிக்காரரும், திருவரங்கத்துத் தெருக்களில் பூத்தொடுத்து விற்கும் பெண்டிரும் பொழுது சாயுமட்டும் உழைக்கின்றனர். பொழுது சாய்ந்ததும் தண்டல்காரன் வந்து நிற்கின்றான். வீட்டில் உலை ஏறுமுன் அவன் பை நிறைகின்றது.

கணக்கைப் பாருங்கள். 10,000 உருபா கடன் என்று எழுதிக்கொண்டு 8,500 மட்டும் கையில் தருவர். நாளொன்றுக்கு 100 உருபாவாக 100 நாள் தண்டுவர். மேற்பார்வைக்கு வட்டி 1,500 தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாள்தொட்டே கடன் குறைந்துகொண்டு வருதலின், கடனாளி கையில் நூறு நாளும் நின்ற பணம் ஏறத்தாழப் பாதியே. ஆண்டுக்குக் கணக்கிட்டால் வட்டி நூற்றுக்கு நூறையும் தாண்டும்!

முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுகள் கூறுவதென்ன? ஊரவைகளுக்குக் கோயிற்பணம் கடனாகத் தரப்பெற்றது. காசு ஒன்றுக்கு ஆண்டுப் பொலிசை அரைக்கால் காசு. அஃதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. ஆயிரம் ஆண்டுக்கு முன்னிருந்த அளவு இன்று எங்கே போயிற்று? கந்து என்பது பழந்தமிழில் யானையைப் பிணிக்கும் தறி. இன்றைய கந்தில் பிணிக்கப்படுவது யானையன்று. ஏழையின் இரு கைகள்!

சட்டம் இல்லாமலில்லை. 1943இல் அடகு பிடிப்போர்க்கும், 1957இல் கடன் கொடுப்போர்க்கும் சட்டங்கள் வந்தன. 2003ஆம் ஆண்டுச் சட்டம் நாள்வட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர்வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சுட்டித் தடுத்தது. மூன்றாண்டுவரை சிறையும் 30,000 உருபாவரை தண்டமும் விதித்தது. கொடுக்க வேண்டிய தொகையைக் கடனாளி முறைமன்றத்திலேயே கட்டவும் வழி செய்தது. இருந்தும், 2017 அக்டோபரில் நெல்லை மாவட்ட ஆட்சியர் அலுவலக வாயிலில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்து மாண்டது. வலிந்து கடன் தண்டுவதைத் தடுக்க 2025இல் சட்டமன்றம் மேலும் ஒரு சட்டம் இயற்றியது.

ஏட்டிலுள்ள சட்டம் ஏழையின் வாயிலுக்கு வராமை ஏன்? வங்கிக்குச் சென்றால் ஆங்கிலமும் இந்தியும் முந்தி நிற்கும் படிவம் அவரை விரட்டுகின்றது. தண்டல்காரனோ தமிழில் பேசுகின்றான். கேட்ட அன்றே பணம் தருகின்றான். மொழி மறுக்கப்பட்ட இடத்தில் பொருளும் மறுக்கப்படுகின்றது. கடன் முறிகளும் வங்கிப் படிவங்களும் தமிழில் இருத்தல் வேண்டும் என்பது வெறும் மொழிப்பற்றன்று, வயிற்றுச் சிக்கல்!

ஆகவே, தோழர்களே, வெற்றுத்தாளில் எவரும் கையொப்பமிடற்க. கட்டிய ஒவ்வோர் உருபாவுக்கும் பற்றுச்சீட்டுக் கேட்டுப் பெறுக. மிரட்டினால் காவல் நிலையத்திற்கோ ஆட்சியரிடமோ எழுத்தில் முறையிடுக. எழுதத் தெரியாதவர்க்கு எழுதத் தெரிந்த தமிழர் துணை நிற்க. தெருதோறும் கூட்டுறவுச் சேமிப்பு வளர்க. மானத்திற்கு அஞ்சிக் கடனாளி வாய்மூடி இருக்குமட்டுமே கந்துவட்டி வாழும். அவன் வாய் திறக்கும் நாளில் கந்து சாயும்!